மச்சு மேல் ஓர் அடுப்படி

எங்கள் கடைக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. மல்லிகை, பிச்சி எல்லாவற்றையும் வாசல் கம்பியில் செருகிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். வாசமே இல்லாத கனகாம்பரத்தைக்கூட முதலாளி விடமாட்டார். பவுடர் கூடாது. தைலம் தேய்த்துக்கொண்டு வந்தால் அன்றைக்கு அப்படியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஏலக்காயின் குணம் அப்படி. பக்கத்தில் எது மணத்தாலும் எது நாறினாலும் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. போடியில் காய் பொறுக்குகிற பெண்கள் எல்லோருக்கும் இது பழகிப்போன சங்கதி. நானும் கல்யாணமான மறுவருஷத்திலிருந்து இந்தக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெடித்தது, சொத்தை, நிறம் செத்தது என்று காயைப் பிரித்துத் தள்ளுவது என் சோலி.

அப்படிப்பட்ட கட்டடத்துக்குள் ஓர் அடுப்படி வேண்டும் என்று கேட்டு நான் முதலாளி முன்னால் போய் நின்றேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“ஒனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா ஆத்தா? காய்க் கடைக்குள்ள அடுப்பா?”

எனக்குக் கிறுக்கு ஒன்றும் இல்லை. மதினிக்காகக் கேட்டேன். மதினி என் அண்ணன் சம்சாரம். கடையில் என் பக்கத்து இடம் அவளுடையது. இரண்டு பேரும் ராசிங்காபுரத்திலிருந்து ஒரே பஸ்சில் வருவோம், ஒரே சல்லடையில் கை போடுவோம், ஊர்க் கதை எல்லாம் அங்கேதான் அரைபடும். போன கோடையில் அவளுக்கு வயிற்றில் புண் முற்றி, மதுரையில் வயிற்றைத் திறந்து இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டார்கள். பிழைத்ததே பெரிய காரியம். இனிமேல் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று அடிக்கடி சாப்பிட வேண்டும், அதுவும் அப்போதைக்கு அப்போது குழைய வடித்த கஞ்சியாக இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிளாஸ்க்கில் கொண்டு வந்து பார்த்தோம். காலையில் ஊற்றிய கஞ்சி பொழுது ஏறுவதற்குள் இறுகிப்போய், அதைக் குடித்தவுடன் வாந்தி. டீக்கடைப் பண்டம் எதுவும் ஆகாது. வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வர ராசிங்காபுரம் என்ன பக்கத்துத் தெருவா?

“வீட்டுல உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டே இருந்தா நான் செத்துருவேன், தாயி. எப்படியாச்சும் என்னயக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிரு” என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத நாளில்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. முதலாளியோ அவள் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார். புதுக் காய் வரத்துத் தொடங்குகிற சமயம். அதற்குள் அவள் வந்து உட்காராவிட்டால் அந்த இடம் போய்விடும்.

கடைக்கு மேலே ஒரு மச்சு இருக்கிறது. பழைய கட்டடம், தேக்குப் பலகை போட்ட தளம். மத்தியானம் நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் சாப்பிட்டுச் சாய்ந்துவிட்டு வருகிற இடம். சாப்பாடு என்றால் தயிர்ச் சோறு, உப்புமா, இந்த மாதிரி வாயில்லாப் பூச்சிகள்தான். குழம்பு வாடை மச்சுப்படி ஏறக் கூடாது. அந்த மச்சின் மூலையில் ஒரு சின்ன அடுப்படி. நெருப்பு வேண்டாம், கரண்ட் அடுப்பு போதும். கஞ்சி, வெந்நீர், பால் ஊற்றாத கட்டங்காப்பி தவிர வேறு ஒன்றும் வைக்க மாட்டோம். ஆவி முழுக்கத் தெருப் பக்கம் போய்விடும். மூடினால் பீரோ மாதிரி இருக்கும். ஒற்றைக் காலில் நின்று சொன்னேன். மற்ற பெண்களும் என் பின்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் சுடச்சுட ஒரு டம்ளர் காப்பி கிடைத்தால் கசக்குமா?

கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். “செஞ்சு வச்சுக்கங்க. ஆனா ஒண்ணு. காயில ஒரு பொட்டு வாடை ஏறுச்சுன்னு எவனாவது சொன்னான், அன்னைக்கே அதத் தூக்கி ரோட்டுல எறிஞ்சுருவேன். ஒன் மதினியும் வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான். அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வாயைக் கொடுத்தாயிற்று, இனி வார்த்தை மாற முடியாது.

செய்ய ஆள் வெளியே தேட வேண்டியதில்லை. என் அண்ணன் மர வேலைதான் பார்க்கிறான். மலைத் தோட்டங்களில் காய் உலர்த்துகிற ஸ்டோர்களுக்குத் தட்டும் சட்டமும் செய்து கொடுக்கிறவன். பேச்சு குறைவு. கோபம் வந்தால் அதுவும் இருக்காது. என்னையும் அவனையும் ஒரே வயிறுதான் பெற்றது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவன் முதலில் மதினியை வீட்டுச் சுவரோரம் நிற்க வைத்து, அவள் கையை மடக்கச் சொல்லி, முழங்கை நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். தையல் போட்ட வயிறு, குனிய முடியாது. கையை எட்டி மேலே தூக்கினாலும் இழுக்கும். அரிசி, உப்பு, டம்ளர், அடுப்பு எல்லாமே அந்தக் கோட்டுக்கும் அவள் நெஞ்சுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றான். மறுநாள் மச்சுத் தளத்தில் சாக்பீஸால் படம் போட்டான். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம்.

எங்களில் ஒருத்தி நல்ல உயரம். “ஏண்ணே, ஒங்க பொண்டாட்டி உயரத்துக்கே வச்சா நான் குனிஞ்சு குனிஞ்சு கூனியாப் போகவா? இது எல்லாருக்கும் பொதுதான?” என்று கேட்டாள்.

அண்ணன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். பிறகு மேலே இன்னொரு கோடு போட்டான். இழுத்தால் வெளியே வருகிற பலகை ஒன்று, தள்ளினால் உள்ளே போய்விடும். நெட்டைக்கு அது, குட்டைக்கு இது. அவளுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், ஆனாலும் அந்த நெட்டைச்சி இன்னும் என்னென்ன கேட்பாளோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். புதுக் காய் வர ஆரம்பித்திருந்தது. நாள் ஓடிக்கொண்டிருந்தது.

மரம் மலையிலிருந்து வந்தது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த சில்வர் ஓக்கு ஒன்றை அறுத்துப் பலகையாக்கிக் காய வைத்திருந்தார்கள். அண்ணன் அங்கே வேலை பார்த்த பழக்கத்தில் கேட்டு வாங்கினான். எடுத்து வர நானும் கூடப் போனேன். வேண்டாம் என்றான், கேட்கவில்லை. தோட்டத்து மேஸ்திரி பலகையைத் தட்டிக் காட்டி, “நல்ல தடியாணு கேட்டோ, நல்ல மரம், வளையாது” என்று பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னார். ஜீப்பின் தலையில் ஏற்றிக் கட்டினோம்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மூடுபனியில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு திரும்பவும் மேலே சரக்கென்று ஒரு சத்தம். கயிறு இளகி, பலகை எல்லாம் பள்ளத்துப் பக்கம் நகர்ந்து நீட்டிக்கொண்டு நின்றது. எதிரே தொழிலாளர் ஜீப்பு ஒன்று ஆளை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அண்ணன் இறங்கி, டயரில் கால் வைத்து ஏறி, நனைந்த பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டினான். எதிர் ஜீப்பில் இருந்தவர்கள், “வெரசாக் கட்டுண்ணே, நேரமானா தோட்டத்துல எங்களுக்கு இன்னைக்குப் பேரு போட மாட்டாக” என்று கத்தினார்கள். நான் பதிலுக்குக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

பிறகு அண்ணன் இராப்பகலாக உழைத்தான். கதவுகளுக்கு ஓரமெல்லாம் ரப்பர் பட்டை வைத்தான், மூடினால் காற்றுகூட நுழையாது. அடுப்புக்கு நேர் பின்னால் தெருச் சுவரில் ஓட்டை போட்டு ஆவியை இழுக்கிற விசிறியைப் பொருத்தினான். சட்டி கழுவச் சின்னத் தொட்டி. அந்தத் தண்ணீர் கீழே காய் மேல் சொட்டிவிட்டால் என்ன செய்வது என்று குழாயை வெளிச் சுவரோடு இறக்கினான். முதலாளி தினமும் மச்சுப்படி ஏறி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் பார்த்துவிட்டு இறங்குவார். ஒரு நாள் மட்டும், “ஆவி பட்டா மரம் ஊறும். ஊறுன மரத்துல பூசணம் பிடிக்கும். பூசணம் கீழ இறங்குனா என் காய் போச்சு” என்றார்.

“அதுக்கு வழி இருக்கு மொதலாளி” என்றான் அண்ணன்.

வழி வார்னிஷ்தான். உள்ளும் புறமும் பூசினான். வழக்கமாக இரண்டு கைப் பூச்சோடு விடுகிறவன், இதற்கு மட்டும் மேலே மேலே பூசினான். ஏன் என்று கேட்டதற்கு, “அவ புழங்குறதுல்ல” என்று மட்டும் சொன்னான். மரம் கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்கே பொறாமையாக இருந்தது. என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு முக்காலிகூடச் செய்து தந்ததில்லை.

வார்னிஷ் நாறும் என்பது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். சன்னல்களைத் திறந்து போட்டுக் காய வைத்தோம். ஆனால் அந்த வாரம் முழுக்க மழை. சாரல் கீழே இறங்கிவிடும் என்று பாதி நேரம் சன்னலை மூடித்தான் வைத்திருந்தோம். வாடை போய்விட்டதா என்று பார்க்க, ஒரு கிண்ணத்தில் நல்ல காயை அள்ளி, அந்தப் பீரோவுக்குள் வைத்து மூடி, மறுநாள் எடுத்து எல்லோரும் மோந்து பார்த்தோம். வரிசையாக நின்று ஒவ்வொருத்தியும் மோந்தாள். ஒன்றும் இல்லை என்றாள். நானும் மோந்தேன், காயைக் கடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அண்ணனும் மோந்தான், ஒன்றும் இல்லை. முதலாளி வந்து கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து மோந்துவிட்டு, “இல்ல” என்று தலையசைத்தார். எனக்கு மனசு நிறைந்தது. அடுத்த நாள் மதினி வரலாம் என்று உத்தரவும் ஆயிற்று.

கூறுகெட்ட கூட்டம் நாங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், வருஷக்கணக்கில் ஏலக்காய்க் குவியலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு மூக்கு எங்கே இருக்கிறது? எங்கள் சேலையில் அடிக்கிற காய் வாசம் பஸ்சில் பக்கத்தில் உட்காருகிறவளுக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது. முதலாளிக்கு எங்களைவிட மோசம், அவர் பிறந்ததே காய்க் கடைக்குள். அண்ணனுக்கு வார்னிஷ் வாடை என்பதே மூச்சுக் காற்று மாதிரி. மூக்குச் செத்த ஆளாகப் பார்த்துச் சேர்ந்து நின்று மோந்து பார்த்து, வாடை இல்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டோம்.

மறுநாள் மதினி வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். அவளைப் பஸ்சிலிருந்து கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தேன். கடையில் ஒரே பரபரப்பு. அடுத்த நாள் ஏலத்துக்குப் போக வேண்டிய காய் முழுக்கப் பொறுக்கி முடித்து, மூட்டையில் அடைப்பதற்காகப் படுதாவில் விரித்துக் கிடந்தது. பாதி முன் அறையில். மீதி உள் அறையில், மச்சு மூலைக்கு நேர் கீழே. அண்ணன் மேலே அடுப்புக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தான். முதல் கஞ்சியை அவள் கையாலேயே வைக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

மதினி உள் அறையில் நின்றாள். குனிய முடியாததால் என்னிடம் ஒரு காயைக் கேட்டு வாங்கி, பழக்க தோஷத்தில் உடைத்து முகத்துக்குக் கொண்டு போனாள். அவள் முகம் மாறியது.

“ஏத்தா, இதுல என்னமோ அடிக்குது.”

“என்ன அடிக்குது? காய் வாசந்தான் அடிக்கும்.”

“இல்ல தாயி. ஒங்க அண்ணன் சட்டையில அடிக்குமே, அந்த வாடை.”

“மெல்லப் பேசுங்க மதினி. ஆஸ்பத்திரியில கெடந்து வந்த ஒடம்பு, ஒங்களுக்கு எல்லாம்தான் அடிக்கும்” என்றேன். ஆனால் எனக்கே என் பேச்சில் நம்பிக்கை இல்லை. முன் அறைக் காயில் ஒரு பிடியும் உள் அறைக் காயில் ஒரு பிடியும் எடுத்து, முதுகுக்குப் பின்னால் கையை மாற்றி மாற்றி அவள் முன்னால் நீட்டினேன். உள் அறைக் காய் இருந்த கையைத் தொட்டாள். மறுபடி மாற்றி நீட்டினேன். மறுபடியும் சரியாகத் தொட்டாள். எத்தனை தரம் மாற்றினாலும் அதே.

மாதக்கணக்கில் காய்க் குவியலை விட்டு விலகி வீட்டில் கிடந்தவளுக்கு மூக்கு திரும்பி வந்துவிட்டிருக்கிறது. அந்தக் கட்டடத்திலேயே மூக்கு உள்ளவள் அவள் ஒருத்திதான்.

“மதினி, யோசிங்க. மொதலாளி என்ன சொன்னாருன்னு தெரியும்ல? இதச் சொன்னா மேல இருக்கறத ரோட்டுல எறிஞ்சுருவாரு. ஒங்களுக்கு இடம் இல்ல. அண்ணன் என்ன பாடு பட்டான்னு பாத்தீகல்ல?”

“பாத்தேன்.”

“அப்ப?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நாளைக்கு ஏலத்துல வாங்க வர்றவுக மூக்கு ஒங்க மூக்கு மாதிரியா இருக்கும்? எவனாவது ஒருத்தன் மோந்து பாத்து முகத்தச் சுளிச்சா இந்தக் கடைக் காய அப்புறம் எவன் தொடுவான்? நீங்க இத்தன பேரு எங்க போவீக?”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மழை மேல், வார்னிஷ் மேல், அண்ணனின் ஆசை மேல், இப்படி நேராகப் பேசுகிற மதினி மேல். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். அவள் என் தோளை மெல்ல ஒதுக்கிவிட்டு முதலாளி மேசைக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன்.

முதலாளி கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒரு பிடி அள்ளி மோந்தார். கடித்தார். சிரிப்பு போய்க் கோபம் வந்தது. “எங்கப்பன் மடியில உக்காந்து காய் மோந்தவன் நான். எனக்குத் தெரியாத வாடை ஒனக்குத் தெரியுதா? நாளைக்கு ஏலம், இன்னைக்கு வந்து அபசகுனமாப் பேசுறயே!”

“நீங்களே வச்சுப் பாருங்க மொதலாளி” என்றாள் மதினி.

அவர் எழுந்தார். அவளை வாசலைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டு, நான் செய்ததையே கிண்ணங்களில் செய்தார். கடையில் எல்லாக் கையும் நின்றுபோயிற்று. கிண்ணங்களை அவர் மாற்றி வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் திரும்பி, ஒவ்வொன்றாக மோந்து, ஒன்றைத் தள்ளி வைத்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மறுபடி திருப்பி நிறுத்தினார். இந்தத் தடவை எல்லாக் கிண்ணத்திலும் முன் அறைக் காயையே போட்டார். இதில் ஏதாவது ஒன்றை நீட்டினாள் என்றால் பொய்க்காரி ஆகிவிடுவாள், அடுப்படி தப்பித்துவிடும். தப்பிக்கட்டும் என்று வேண்டுவதா, வேண்டாம் என்று வேண்டுவதா? நான் எதையும் வேண்டவில்லை. அவள் எல்லாவற்றையும் மோந்து முடித்து, “இதுல எதுலயும் இல்ல மொதலாளி” என்றாள்.

முதலாளி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“உள் ரூம்புக் காய ஏலத்துக்கு அனுப்பாதீக. தனியா ஒதுக்குங்க” என்றார். பிறகு மச்சைப் பார்த்துக் கையை நீட்டினார். “அத இப்பவே கீழ எறக்கணும்.”

நிமிர்ந்து பார்த்தால் படிக்கட்டில் அண்ணன் நிற்கிறான். எப்போது வந்தான் என்று தெரியாது, எல்லாம் கேட்டிருக்கிறான். மதினி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. மேலே ஏறிப் போனான். திருப்புளி எடுக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, கதவு கதவாக, பலகை பலகையாக இறக்கிக் கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே சாத்தினான். தூக்க வந்தவர்களைக் கிட்டே விடவில்லை.

மற்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். “கட்டுன புருசன் செஞ்சத எவளாவது இப்படி நாத்தம்னு சபையில சொல்லுவாளா?” என்றாள் அந்த நெட்டைச்சி. நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

இந்தக் களேபரத்தில் மதினி கஞ்சி குடிக்கிற நேரம் எப்போதோ தாண்டிப்போயிருந்தது. யாருக்கும் நினைப்பில்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தவளுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியது. கண் செருகிக்கொண்டு போயிற்று. நான் கத்தினேன். கடைசிப் பலகையோடு இறங்கி வந்த அண்ணன் அதை அப்படியே தரையில் போட்டுவிட்டு ஓடி வந்தான். காப்பிக்கு வாங்கி வைத்திருந்த சர்க்கரையை அவள் வாயில் போட்டான். கடைக்குள்ளிருந்து நீளமாக ஒரு ஒயரை இழுத்தான். சாத்தி வைத்திருந்த பீரோவின் அடிப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலேயே அடுப்பை வைத்து, கைப்பிடி அரிசிக் குருணையைக் கழுவிப் போட்டுக் கிண்டத் தொடங்கினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. துடைக்கக்கூட இல்லை.

கஞ்சியை ஆற்றி ஆற்றி அவன் ஊட்ட, அவள் குடித்தாள். கொஞ்சம் தெளிந்ததும், “கோவமா?” என்று கேட்டாள்.

“நீ அங்கயே எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?” என்றான் அவன்.

“சொல்லிருந்தா நீங்க எறக்கிருப்பீகளா?”

அவன் கஞ்சியை இன்னொரு தரம் ஆற்றினான். இறக்கியிருக்க மாட்டான் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

முதலாளி கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்தார். “நீ இனிமே கடைக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது ஆத்தா” என்றார் மதினியிடம்.

அவள் வாய் கோணியது. “அப்ப எனக்குச் சோலி இல்லையா மொதலாளி?”

எனக்கு வந்ததே கோபம். “அவ சொல்லலேன்னா நாளைக்கு ஒங்க பேரு ஊரு சிரிச்சிருக்கும். அவளப் போயி...” என்று பாய்ந்தேன்.

“ஏ, செத்த நேரம் வாய மூடு!” என்று என்னை அதட்டினார். “உள்ள ஒங்களோட உக்காந்தான்னா கொஞ்ச நாள்ல இவ மூக்கும் ஒங்க மூக்கு மாதிரிச் செத்துப் போகும். இவ இங்கயே, கொல்லையில உக்காரட்டும். ஏலத்துக்குப் போற ஒவ்வொரு மூட்டையிலயும் ஒரு பிடி வெளிய வரும். இவ சரின்னு சொன்னாத்தான் அது வண்டியில ஏறும்.” பிறகு அண்ணனைப் பார்த்தார். “அப்பு, அந்தப் பெட்டியையும் இங்கயே மாட்டிரு. சீவிட்டு மாட்டுறயோ, அப்படியே மாட்டுறயோ, ஒன் இஷ்டம். எல்லாப் பொம்பளைகளும் இங்க வந்து காப்பி வச்சுக் குடிங்க.”

அண்ணன் சீவித்தான் மாட்டினான். பூசிய அத்தனை பூச்சையும் இழைப்புளி போட்டு எடுத்து, வெறும் மரமாக்கி, ஒவ்வொரு பலகையையும் மதினி மூக்கு முன்னால் நீட்டிக் கேட்டுக் கேட்டு மாட்டினான். இப்போதும் அது கொல்லையில்தான் இருக்கிறது. மத்தியானம் அங்கே ஒரே கூட்டம். நெட்டைச்சி தன் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு காப்பி ஆற்றுகிறாள். மதினிக்கு உடம்பு தேறி வருகிறது.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் எனக்குள் ஒரு வலி இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அவள் திரும்ப வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் நான் இத்தனை சண்டையும் போட்டேன். அவள் திரும்ப வந்துவிட்டாள், என் பக்கத்து இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்து காய் பொறுக்குகிறாள். நல்ல பெண்தான். எனக்குத்தான் அவளிடம் பேச்சு வரமாட்டேன் என்கிறது.

போன வாரம் மழைக்கு நடுவில் ஏதோ கேட்க வந்த மதினி, பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோய், வாசப்படியைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். “உள்ள வராதீக மதினி!” என்று கத்தியதும் நான்தான்.

அவள் திடுக்கிட்டுக் காலை வெளியே எடுத்துக்கொண்டாள். படிக்கு அந்தப் பக்கம் நின்று, கேட்க வந்ததைக் கேட்டுவிட்டுப் போனாள்.